ரங்கூனுக்குக் கொண்டுபோன கடப்பாரை

ரங்கூனுக்குக் கப்பல் ஏறுகிறவர்கள் ஊறுகாய் ஜாடி கொண்டுபோவார்கள், அப்பளக் கட்டு கொண்டுபோவார்கள். நான் கடப்பாரை கொண்டுபோனேன். ஐந்தடி நீளம், நுனி தேய்ந்து பளபளவென்றிருக்கும். சிவகங்கைப் பக்கத்தில் கட்டடக் காண்டிராக்ட் எடுத்துப் பிழைப்பவன் நான். பிறர் கோணலாகக் கட்டியதை இடித்த வகையில் எனக்கும் அந்தக் கடப்பாரைக்கும் நல்ல பெயர். கப்பலில் அதைப் பார்த்த ஒரு மாலுமி, “யாரைக் குத்தப் போகிறாய்?” என்று இங்கிலீஷில் கேட்டான். “ஒரு வீட்டை” என்றேன். அதன்பிறகு அவன் என் பக்கமே வரவில்லை.

போகச் சொன்னது என் அக்கா. இருபது வருஷமாக ரங்கூனில், பபேடான் பேட்டையில் ஒரு மூன்றாவது மாடியில் வாடகைக்குக் குடியிருப்பவள். அத்தான் அரிசித் தரகர். இப்போதுதான் ஏரிப்பக்கம் மனை வாங்கிச் சொந்தமாக வீடு கட்டுகிறார். அக்காவின் கடிதம் நாலே வரி: “தம்பி, உன் அத்தானுக்குப் புத்தி பிசகிப்போச்சு. யாரோ ஒரு துரையப் பிடிச்சு வீடு கட்டுறாரு. நடுவீட்டுல செங்கல்லுல ஒரு மலை. வாசல்ல நின்னாக் கொல்லை தெரியல. நீ வந்து இடிச்சுத் தள்ளுற வரைக்கும் அந்த வீட்டுல நான் கால் வைக்க மாட்டேன்.” அதே கப்பலில் அத்தானின் கடிதமும் வந்தது. அதில் ஒரே வரி: “மாப்பிள்ளை, இடிக்குமுன் ஒரு முறை பாருங்கள்.” வைகாசியில் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். நான் போய் இறங்கியபோது அதற்கு இருந்தது பன்னிரண்டே நாள்.

ஆற்றுக்குள் கப்பல் நுழைந்தபோது ஊர் தெரிவதற்கு முன்பே பொன் பகோடா தெரிந்தது. நம் ஊரிலும் கோபுரம்தான் முதலில் தெரியும். ஆனால் இது வெயிலில் எரிந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்றவர், “உள்ளே அறை கிடையாது, முழுக்கச் செங்கல்” என்றார். அத்தனை உயரத்துக்கு உள்ளே ஒரு ஆள் நிற்க இடமில்லாமல் எவனாவது கட்டுவானா? கட்டியிருக்கிறான். கைகூப்பத்தான் தோன்றியது.

துறைமுகத்தில் லாஞ்சா பிடித்தேன். ஆள் இழுக்கும் வண்டிக்கு இங்கே லாஞ்சா என்று பெயர். கடப்பாரையைக் குறுக்கே மடியில் வைத்துக்கொண்டேன், இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. சூலே பகோடா திருப்பத்தில் டிராம் ஒன்று எதிரே வர, வண்டிக்காரர் ஒதுங்க, கடப்பாரையின் நுனி ஒரு பழக்காரியின் கூடையில் மாட்டிக்கொண்டது. மங்குஸ்தான் பழங்கள் தெருவெல்லாம் உருண்டன. நம் சந்தையாக இருந்தால் என் ஏழு தலைமுறையையும் சந்திக்கு இழுத்திருப்பார்கள். அந்தப் பர்மியப் பெண் வாயிலிருந்த சுருட்டை எடுத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் இறங்கிப் பொறுக்கிக் கொடுத்தேன். போகும்போது ஒரு பழத்தைப் பிதுக்கி என் கையில் வைத்தாள். வெள்ளைச் சுளை, அப்படி ஒரு இனிப்பு. சண்டைக்குத் தயாராக இருந்த எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

அக்கா மாடிப்படியிலேயே பிடித்துக்கொண்டாள். “கடப்பாரை கொண்டாந்தியா?” என்றுதான் முதல் கேள்வி. சாப்பிட்டாயா என்பது அப்புறம்தான்.

மறுநாள் காலை அத்தான் தெருமுனைத் தேநீர்க் கடைக்கு அழைத்துப்போனார். கடைக்காரர் கீழக்கரை ராவுத்தர். கடைவாசலில் ஒரு பர்மியக்காரி பானையோடு உட்கார்ந்து மொஹிங்கா விற்றாள். மீன் குழம்பில் அரிசி நூலைப் போட்டுத் தருகிறார்கள். கிண்ணத்தில் வாழைத்தண்டு மிதந்தது. பொரியலைத் தவிர வாழைத்தண்டுக்கு வேறு கதி உண்டென்று எனக்கு அன்றுதான் தெரியும். இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

“ஊர்லேருந்து வந்த மச்சினரா? படுத்த வீட்டைப் பாக்க வந்தாப்புலயா?” என்றார் ராவுத்தர்.

“அதென்ன படுத்த வீடு?”

“எல்லாரும் வீட்ட நிமித்திக் கட்டுவாங்க. ஒங்க மச்சான் படுக்க வச்சுல்ல கட்டிருக்காரு! நானும் போய்ப் பாத்தேன். வாசலத் தேடித் தேடிக் காலு வலிச்சுப்போச்சு.”

அத்தான் சிரித்துச் சமாளித்தார். ஆனால் டீயைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டார். பாவம், ஒரு பக்கம் பெண்டாட்டி, ஒரு பக்கம் துரைக்குக் கொடுத்த வாக்கு.

அக்காவின் கட்டளைப்படி கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு குதிரை வண்டியில் போனோம். பாதி வழியில் குதிரை ஒரு வேப்பமரத்தடியில் நின்றுவிட்டது. அந்த வெயிலில் எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. மீதி வழி நடந்தோம்.

ராவுத்தர் சொன்னது பொய்யில்லை. வீடு படுத்துத்தான் இருந்தது. நீளம் நீளமாகச் செங்கல் வரிசை, அதன் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே வரிசையாக ஜன்னல், அதற்கு மேல் தாழ்ந்த கூரை. கூரை விளிம்பான இறவாரம் சுவரைத் தாண்டி எட்டடி வெளியே வந்திருந்தது. நான் தூணைத் தேடினேன். ஒரு தூண்கூட இல்லை. எட்டடி இறவாரம் அந்தரத்தில் நிற்கிறது! கீழே நிற்கப் பயமாக இருந்தது, நகரவும் மனமில்லை. வாசலைக் காணாமல் வீட்டை ஒரு பிரதட்சணம் வந்தபிறகு, பக்கச் சுவரை ஒட்டி ஒரு வழி இருப்பதை அத்தான் காட்டினார். தலையில் இடிக்குமோ என்று குனிய வைக்கும் நடை. ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம். அப்புறம் திடீரென்று கூடம் விரிந்தது. குனிந்து வந்தவன் நிமிர்ந்து நாலு பக்கமும் பார்த்தேன். சித்திரை வெயிலில் வந்தவனுக்கு உள்ளே அத்தனை குளிர்ச்சி.

நடுவில் அக்கா சொன்ன செங்கல் மலை. அகலமாக, ஒரே பிண்டமாகக் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போயிற்று. அதன் முகத்தில் ஆளுயரத்துக்குப் பாதியாக ஒரு பெரிய மாடம், அடியில் வழவழப்பான கருங்கல் பலகை. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அக்கா அவசரக்காரி. துரை நம் வழக்கத்தை விசாரித்து, வீட்டின் நெஞ்சுப்பகுதியில் சாமிமாடம் கட்டிவைத்திருக்கிறார்! செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன். மாடத்தின் முன்னால் போய் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

“என்ன செய்கிறீர்கள்?” என்று பின்னாலிருந்து இங்கிலீஷில் ஒரு குரல்.

அறுபது வயதிருக்கும். ஒல்லி. சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார், விரலெல்லாம் பென்சில் கரி. இவர்தான் அந்தத் துரை, பெயர் மெர்டன். “உங்கள் சாமிமாடத்தைக் கும்பிட்டேன்” என்றேன்.

“அது கணப்பு. நெருப்பு மூட்டுகிற இடம்.”

“எதற்கு?”

“குளிர் காய.”

நான் சிரித்த சிரிப்பில் வேலையாட்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரங்கூனில் குளிர் காய நெருப்பா! நெற்றி வேர்வை இன்னும் காயவில்லை எனக்கு. துரை சிரிக்கவில்லை. “நெருப்பு மூட்ட இடமில்லாததை நான் வீடு என்று சொல்ல மாட்டேன். என் ஆயுசில் அப்படி ஒன்று கட்டியதில்லை” என்றார். பிறகு மூலையில் அத்தான் சாத்திவைத்த என் கடப்பாரையைப் பார்த்தார். அக்காவின் பிடிவாதம் அவருக்கும் தெரியும்போலிருக்கிறது. “அதைத் தொடுவதற்கு முன்னால் நாளை என் அறைக்கு வாருங்கள்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் லத்தாவுக்குப் போனேன். சீனர் தெரு. வாத்துகள் தலைகீழாகத் தொங்கும் கடைகளுக்கு நடுவே ஒரு தச்சுப்பட்டறை, அதன் மேல்மாடியில் துரையின் அறை. ஒரு கட்டில், படம் போட ஒரு சாய்வுப் பலகை, தகரக் குழாய்களில் கட்டடப் படங்கள். நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அதில் என்னை உட்காரவைத்தார். ஒவ்வொரு குழாயாகத் திறந்து தரையில் விரித்தார். தரை போதாமல் கட்டிலிலும் விரித்தார்.

அவர் பிறந்த இடம் அமெரிக்காவின் நடுப்பகுதி. கண்ணுக்கெட்டிய மட்டும் புல்வெளி, மேடே கிடையாதாம். அப்பா தானியக் கிடங்கு கட்டும் தச்சர். பெரிய நகரத்துக்குப் போய் ஒரு பேர்பெற்ற கட்டடக் கலைஞரிடம் கோடு போடக் கற்றிருக்கிறார். “எங்கள் காலத்தில் எல்லாரும் ஐரோப்பாவைப் பார்த்து உயரமாகக் கட்டினார்கள். நாங்கள் சில பேர் மட்டும் எங்கள் நிலத்தைப் பார்த்தோம். நிலம் படுத்திருந்தது. வீடும் அதோடு படுக்கட்டும் என்றோம்” என்றார்.

எங்கள் கண்மாய்க்கரையில் நின்றாலும் அப்படித்தான். பனைமரத்தைத் தவிர வானத்தைத் தொட ஒன்றும் இருக்காது. அந்த மண்ணில் பிறந்த நான் நாற்பது வயது வரை இப்படி ஒரு யோசனையே இல்லாமல் சுவர் எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். படங்களைப் பார்க்கப் பார்க்க என் கர்வமெல்லாம் கரைந்தது. எத்தனை வீடுகள்! டாக்டருக்கு ஒன்று, பள்ளிக்கூட ஆசிரியைக்கு ஒன்று, சோப்பு வியாபாரிக்கு ஒன்று. எல்லாம் நீளமாக, தாழ்ந்து, சிறகு விரித்துக்கொண்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் அந்தக் கணப்பு. ஜன்னல் கண்ணாடியில் கோதுமைக் கதிர்போல ஈயக்கோடு. நாற்காலி, விளக்கு, பூந்தொட்டி எல்லாம் அவரே வரைந்தது. கைக்குட்டையால் வியர்வையைத் துடைத்துவிட்டுத்தான் தாளைத் தொட்டேன், அப்படி இருந்தது வேலை.

“அப்புறம்?” என்றேன்.

“ஐரோப்பாவில் பெரிய யுத்தம் வந்தது. முடிந்தபோது ஜனங்களுக்கு ஆசை மாறிவிட்டது. வெள்ளைத் தூண் வைத்த வீடு கேட்டார்கள். எனக்குப் போடத் தெரியும். கை வரவில்லை.” மனைவியும் காலமாகிவிட்டார். இங்கே துறைமுகத்தில் கிடங்குக்குப் படம் போட ஆள் தேவை என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறார். வந்ததிலிருந்து அரிசிக் கிடங்குதான். அதில் ஒரு கிடங்கின் ஆபீஸ் அறையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்த அத்தான், ‘இங்கே மட்டும் ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது?’ என்று கேட்டுக்கொண்டே இவரைத் தேடிப் போயிருக்கிறார். இங்கே வந்த பத்து வருஷத்தில் வீடு கட்டித்தரச் சொல்லிக் கேட்ட முதல் ஆள் அத்தான்தான்.

“இனி ஒருவர் கேட்பார் என்று தோன்றவில்லை. இதுதான் கடைசி. கணப்பை இடித்தால் நான் தடுக்க முடியாது. வீடு உங்கள் அத்தானுடையது” என்று படங்களைச் சுருட்டினார். கீழே இறங்கியபோது வாத்துகள்கூட என்னைக் குற்றவாளிபோலப் பார்த்தன.

நான்காம் நாள், துரைக்கு மரவேலை செய்துகொடுத்த அந்தத் தச்சுப்பட்டறைச் சீனரோடு அத்தான் வீட்டுக் கூரைக்குள் ஏறினேன். அவரை எல்லாரும் ஸயா என்பார்கள், வாத்தியார் என்று அர்த்தம். அவருக்குத் தெரிந்த இந்துஸ்தானியும் எனக்குத் தெரிந்த இந்துஸ்தானியும் சேர்ந்தால் ஒரு வாக்கியம் ஆகும். அவர் பேசவில்லை, விளக்கைத் தூக்கிக் காட்டினார். அந்தரத்தில் நிற்கும் எட்டடி இறவாரத்தின் ரகசியம் அங்கே இருந்தது. ஒவ்வொரு தேக்கு உத்திரமும் சுவரைத் தாண்டி உள்ளே ஓடி, அந்தச் செங்கல் பிண்டத்துக்குள் புதைந்திருந்தது. கிணற்றுத் துலாவில் பின்பக்கம் கல் கட்டுகிறோமே, அதே வித்தை. கல்லுக்குப் பதில் கணப்பு. ஸயா தன் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, சட்டென்று கவிழ்த்தார். செங்கல்லை எடுத்தால் இறவாரம் முழுக்கத் தலைகுப்புற விழும்.

உத்திரம் புதைந்த இடத்தை நான் கையால் தடவிப் பார்த்தேன். எதற்கும் உதவாது என்று நான் சிரித்த அந்த ஒன்றுதான் வீட்டையே தாங்கிக்கொண்டிருந்தது.

அக்காவிடம் சொன்னேன். எதிர்பார்த்தது நடந்தது.

“ஒன்ன இடிக்கக் கூப்பிட்டேன். நீ என்னடான்னா அந்த ஆளுக்கு வக்காலத்து வாங்குற.”

“இடிச்சாக் கூரை விழுந்துரும்க்கா.”

“விழட்டும். வாசல்ல நின்னா உள்ள வெளக்கு தெரிய வேணாமா? லெச்சுமி வந்தான்னா இந்தத் திருப்பத்துலயும் அந்தத் திருப்பத்துலயும் வழி கேட்டுக்கிட்டா நிப்பா? இருவது வருஷம் மாடிப்படி ஏறி எறங்கியே முட்டி தேஞ்சு போச்சுடா. ஒரு சொந்த வீடு, அதுவும் இப்பிடியா?” என்று அழுதுவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. கோபத்தில் பேசிக்கொண்டிருந்தவள் அழுததும் எனக்கு அத்தான் மேலும் துரை மேலும் என் மேலும் எரிச்சலாக வந்தது.

கடைசியில் அத்தான் காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஒரு சமாதானம் ஆயிற்று. அக்கா வருவாள். ஆனால் வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு அங்கேதான் பால் காய்ச்சுவாள். உள்ளே வரமாட்டாள். பால் காய்ச்ச வீட்டுக்காரி வீட்டுக்குள் போகாத கிரகப்பிரவேசம் எந்த ஊரிலாவது உண்டா? புரோகிதர் தலையில் கைவைத்துக்கொண்டார். அதன்பின் நாட்கள் போனதே தெரியவில்லை. நான் தினமும் போய் ஸயாவோடு நின்று மட்டப்பலகை வைத்துப் பார்த்தேன், இடிக்க அல்ல. துரை என்னைக் கண்டால் தலையசைப்பார், அவ்வளவுதான்.

அந்த நாளும் வந்தது. அதிகாலையிலேயே வானம் கறுத்துக் கிடந்தது. பந்தலில் புது மண்ணடுப்பு, வெண்கலப் பானை, மஞ்சள் கொத்து எல்லாம் தயார். துரையும் பழைய கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து ஒதுங்கி நின்றார். அக்கா பானையில் பாலை ஊற்றினாள். அவ்வளவுதான் தெரியும். பர்மாவின் முதல் மழை நம் ஊர் மழைபோல நாலு தூறல் போட்டு எச்சரிக்கை செய்துவிட்டு வராது. வானம் மொத்தமாக அவிழ்ந்து கொட்டியது. பந்தல் ஒரு பக்கம் சாய்ந்தது, அடுப்பு கரைந்தது, வந்த விருந்தினர் அத்தனை பேரும் ஓடினார்கள்.

ஓடி எங்கே நின்றோம் என்று சற்றுப் பொறுத்துத்தான் கவனித்தேன். இறவாரத்தின் கீழே. அறுபது எழுபது பேர், வீட்டைச் சுற்றி வரிசையாக. எங்களுக்கு முன்னால் மழை திரைபோல விழுந்தது. ஒருவர் மேலும் சொட்டுக்கூடப் படவில்லை. பின்னால் ஜன்னல்கள் அத்தனையும் திறந்தபடி. அக்காவும் பால் பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அங்கேதான் நின்றாள். நிமிர்ந்து மேலே பார்த்தாள். தூணைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

“நாழியாறதும்மா. இன்னும் கால் மணிதான் முகூர்த்தம்” என்றார் புரோகிதர்.

பின்பக்கம் அடுக்களைக்கு இன்னும் ஓடு போடவில்லை. அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, அந்தத் துரை கட்டி வச்சிருக்காரே, அது எரியுமா?”

“எரியும்க்கா” என்றேன். எரியுமா என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

குனிந்தாள். அந்தத் தாழ்ந்த நடையில் முதலில் வலதுகாலை வைத்தாள். ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம். கூடம் விரிந்தபோது அவள் நின்றதைப் பார்த்தேன். ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டு நடந்தாள். ஸயா உலர்ந்த தேக்குச் சில்லுகளைக் கூடையோடு கொண்டுவந்து கொட்டினார். மூன்று செங்கல் அடுக்கிப் பானையை ஏற்றினோம். அக்கா தீ மூட்டினாள். மாடம் ஆழமாக இருந்ததால் விறகைத் தள்ளக் கை எட்டவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள், மூலையிலிருந்த என் கடப்பாரையை எடுத்தாள், விறகை உள்ளே தள்ளினாள்.

எல்லாரும் கண்ணைக் கசக்கத் தயாரானோம். புகை வரவில்லை. அத்தனையும் நேராக மேலே போயிற்று. இருபது வருஷம் மாடி அடுக்களையில் புகையைக் குடித்தவள், முகத்தை அடுப்புக்கு நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “ஹொட்லா!” என்றாள் பர்மியில். அப்படியா என்று அர்த்தம்.

அந்த நேரத்தில் துரை செய்ததுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை. நெருப்பைப் பார்த்தவர் திடீரென்று வாசல் பக்கம் ஓடினார், கொட்டுகிற மழைக்குள். நானும் பின்னால் ஓடினேன். தோட்டத்தின் நடுவில் தொப்பலாக நனைந்து நின்று, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழைக்கு நடுவே புகைப்போக்கியிலிருந்து வெள்ளையாகப் புகை எழுந்தது. வீடு முழுநீளத்துக்கு விரிந்து கிடந்தது, அதன் மேல் அந்தப் புகை. படங்களில் நான் பார்த்த வீடு எதிலும் அது இல்லை. இத்தனை வருஷத்தில் எவ்வளவோ கட்டிய மனிதர், பத்து வருஷம் கழித்துத் தன் கூரையில் புகை வருவதைப் பார்க்கிறார். நானும் அவரோடு நனைந்துகொண்டு நின்றேன்.

உள்ளே பால் பொங்கிய சத்தமும் பெண்களின் குலவையும் கேட்டன.

திரும்பி வந்தபோது துரையின் கோட்டிலிருந்து தண்ணீர் புதுத்தரையில் வடிந்தது. வீட்டை அழுக்காக்கிவிட்டோமே என்று கூச்சத்தோடு ஓரமாக நின்றார். அக்கா முதல் டம்ளர் பாலை எடுத்தாள். வந்திருந்த உறவினர்களையும் பெரியவர்களையும் தாண்டி நேரே அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“தம்பி, துரைகிட்டச் சொல்லு. அடுப்பு இல்லாட்டி அது வீடா? நடுவுல வச்சதுதான் சரின்னு சொல்லு.”

நான் இங்கிலீஷில் சொன்னேன். அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “இன்னொரு முறை சொல்லுங்கள்” என்றார். இன்னொரு முறை சொன்னேன்.

“மசமசன்னு நிக்காத. அவரு நடுங்குறாரு பாரு. கோட்ட வாங்கிக் காயப்போடு” என்றாள் அக்கா.

கோட்டை வாங்கிப் பிழிந்தேன். போட ஒரு கொடியில்லை, ஆணியில்லை. இரண்டு முக்காலிகளை அடுப்பின் இருபுறமும் இழுத்துப்போட்டுக் கடப்பாரையைக் குறுக்கே வைத்து அதில் விரித்தேன். துரை நெருப்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, நீட்டிய கைகளைத் திருப்பித் திருப்பி அனலில் காட்டினார். ரங்கூனில் ஒரு மனிதர் குளிர் காய்ந்தார்.

இரண்டு நாள் கழித்து நான் கப்பல் ஏறியபோதும் மழை விடவில்லை. ஊருக்கு வந்ததும் வேலையாட்கள் கேட்ட முதல் கேள்வி, கடப்பாரை எங்கே என்பதுதான். நான் கிளம்பிய காலையில் அதில் அக்காவின் புடவையும் அத்தானின் வேட்டியும் நடுவே அந்தக் கறுப்புக் கோட்டும் காய்ந்துகொண்டிருந்தன. எடுத்துவர முடியவில்லை.